மகள் எங்கே என்று கேட்டவர்களுக்கு

நாகர்கோவில் கோட்டாறில் எங்களுக்குப் பாத்திரக்கடை. கல்யாணச் சீருக்கு எடுக்க வருகிறவர்களை நம்பித்தான் வியாபாரம். கணவர் முன்னால் நின்று விலை பேசுவார். நான் உள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவர்கள் எடுத்த பாத்திரங்களில் பேர் வெட்டுவேன். கையில் பிடிக்கிற சின்ன மெஷின்தான். தாம்பாளத்தில் வைத்தால் வண்டு மாதிரி இரையும். இந்தப் பக்கத்துக் கல்யாணப் பெண்கள் பாதிப் பேருடைய பெயரை என் கை எழுதியிருக்கும். அதனால் பாத்திரம் எடுத்து முடித்ததும் எல்லோருக்கும் எங்களிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. "ஒங்க மகளுக்கு எப்பம்?"

எங்களுக்கு ஒரே மகள். அவள் ராணுவத்துக்குப் போனாள்.

கல்லூரி முடித்த பிறகு தினமும் விடிகாலையில் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடப் போவாள். அவள் அப்பாதான் ஸ்கூட்டரில் கொண்டு விடுவார். ஓடட்டும், உடம்புக்கு நல்லதுதானே என்று நினைத்தார். எழுத்துத் தேர்வு, ஓட்டம், உடல் பரிசோதனை என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, பெங்களூருக்குப் பயிற்சிக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. அன்று சாப்பிடாமல் எழுந்து போனார். நான் சாப்பிட்டேன். எனக்கும் பயம்தான், ஆனால் அவள் முன்னால் அதைக் காட்டக்கூடாது என்று ஒரு வைராக்கியம்.

கொண்டுபோகிற தட்டிலும் டம்ளரிலும் அவள் பெயரை வெட்டிக்கொண்டிருந்தபோது கணவரின் அக்கா வந்தார். நான் மைனி என்று கூப்பிடுவேன்.

"இந்தக் கையால அவ சீர்ப் பாத்திரத்துல நீ வெட்டுவன்னுல்லா நெனச்சேன். பட்டாளத்துத் தட்டுல வெட்டிக்கிட்டு இருக்கியே, ஏட்டி."

"தட்டு தட்டுதான மைனி. யாரு பேர வெட்டுகேன்னு பாருங்க. அவ பேரு மட்டுந்தான்."

சீர்ப் பாத்திரங்களில் மாப்பிள்ளை பெயரும் சேர்ந்து வரும். மைனிக்கு அது புரிந்தது. அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பயிற்சியில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் தருவார்கள். நாங்கள் இரண்டு பேரும் காலையிலிருந்தே போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவள் பேச ஆரம்பித்தால் அழமாட்டாள். "அம்மா, நின்னுக்கிட்டே தூங்கப் படிச்சாச்சு" என்பாள். இந்தியில் கத்துகிற உத்தரவு புரியாமல் எல்லோரும் ஒரு பக்கம் திரும்ப இவள் மட்டும் மறுபக்கம் திரும்பி, அதற்குத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடியதைச் சொல்லிச் சிரித்தாள். அந்த வாரம் நான் போனில் வீடியோ போட்டு, பேர் வெட்டிக்கொண்டே அந்த இந்தி வார்த்தைகளைப் படித்தேன். அடுத்த ஞாயிறு அவளுக்கு ஒப்பித்துக் காட்டினேன். "நீங்களும் வந்து சேந்துருங்கம்மா" என்றாள்.

கணவரின் பாடு வேறு மாதிரி இருந்தது. காலையில் எழுந்ததும் பெங்களூரில் மழையா வெயிலா என்று போனில் பார்ப்பார். டிவியில் எல்லைச் செய்தி வந்தால் சானலை மாற்றிவிடுவார். 

ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டுத் தூசி ஊதிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு அம்மா கேட்டது காதில் விழுந்தது. "மக எங்க இருக்கா?"

"பெங்களூருல" என்றார் இவர்.

"கம்ப்யூட்டர் வேலையா?"

"ஆமா, அந்த மாதிரிதான்."

அந்த அம்மா போகட்டும் என்று காத்திருந்தேன். போனதும் வெளியே வந்தேன். "அவ என்ன, யாரு கூடயாவது ஓடிப்போயிட்டாளா? எதுக்கு மறைக்கிய?"

"மறைக்கல. ஊருல நூறு கேள்வி கேக்காவ. எல்லாருக்கும் பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?"

"ஒரே பதில்தான. அதச் சொல்ல ஒங்களுக்கு என்ன?"

அவர் அண்டாவைத் துடைக்க ஆரம்பித்தார். அடுத்த ஞாயிறு மகள் சீருடையில் எடுத்த படம் ஒன்று அனுப்பினாள். காது தெரிய முடியை வெட்டியிருந்தார்கள். கன்னம் ஒட்டி, வெயிலில் கறுத்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது.  மறுநாளே ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, குத்துவிளக்குகள் இருக்கிற அலமாரித் தட்டுக்கு மேலே மாட்டினேன். கடைக்குள் நுழைந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். இரண்டு நாள் இருந்தது. பிறகு காணவில்லை. தேடினால் குடோனில், பெரிய நிலவாய்ப் பாத்திரங்களுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார்.

"தூசி படும்" என்றார்.

நான் எடுத்து மாட்டினேன். அவர் மறுபடி கழற்றினார். மூன்றாம் தடவை நான் எடுக்கவில்லை. ஆனால் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். கேட்டதற்கு மட்டும் பதில்.

அப்படி இருக்கிறபோதுதான் ஞாயிறு இல்லாத ஒரு நாளில் அவளிடமிருந்து போன் வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் விட்டிருக்கிறதாம். ஓடி ஓடி வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாளாம். கூடச் சேர்ந்த பிள்ளைகள் பயிற்சியைத் தொடர்வார்கள், இவள் குணமாகி அடுத்த பேட்சோடு சேர வேண்டும்.

"வீட்டுக்குப் போறியான்னு கேட்டாங்கம்மா. இல்லன்னு சொல்லிட்டேன்."

இவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "வந்துரு மக்ளே. போதும். அப்பா வந்து கூட்டிட்டு வாறேன்."

 அவள் கேட்டாள். "வந்தா கடையில என்ன சொல்லுவியப்பா? கம்ப்யூட்டர் வேலைய விட்டுட்டு வந்துட்டான்னா?"

நான் அவளிடம் சொன்னதில்லை. யார் சொன்னார்களோ, கோட்டாறில் எதுவும் கடைக்குள்ளேயே தங்குவதில்லை. இவர் முகம் சிவந்துவிட்டது. "இல்ல மக்ளே…" என்று ஆரம்பித்தார். அவள் விடவில்லை. "கால் சரியாயிரும்பா. நான் பாதியில வரமாட்டேன். நீங்க யாருட்ட என்ன சொன்னாலும் சரி, நான் வரமாட்டேன்."

மறுநாள் நான் கடைக்குப் போனபோது படம் குத்துவிளக்குகளுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.  அவரிடம் டீ வாங்கிவரச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், அவர் திடமானதும் நான் உடைந்துபோனேன். அவள் கட்டிலில் கிடப்பதை நினைத்து, குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதேன். ஒருநாள் பையில் துணியை எடுத்து வைத்துவிட்டு, "போயி கூட்டிட்டு வந்துருவோமா?" என்று கேட்டேன். "அவ கூப்பிட்டாளா?" என்றார். இல்லை. "அப்பம் அந்தத் துணிய எடுத்துப் பீரோல வை."

அந்த வாரமே மைனி ஒரு அம்மாவையும் ஐயாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். உருளி எடுக்க வந்தவர்கள் மாதிரி வந்தார்கள். மைனி என்னைத் தனியே இழுத்து, "நல்ல இடம். பையன் துபாய்ல இருக்கான். நம்ம பிள்ள பெங்களூருல மேல்படிப்பு படிக்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ வாயத் திறக்காத" என்றார்.

உருளியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். "இது யாரு, ஒங்க பையனா? ஒரே மகள்னுல்லா சொன்னாவ?"

மைனி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கணவர் பேசிவிட்டார். "என் மகதான். பட்டாளத்துல டிரெயினிங்ல இருக்கா. கால்ல அடிபட்டு ஆஸ்பத்திரில கெடக்கா. சரியானதும் மறுபடி ஓடுவா."

"ஏலே தம்பி, என்ன பேசுக?" என்றார் மைனி.

"உள்ளதச் சொல்லுகேன்க்கா."

அந்த அம்மா மறுபடி படத்தைப் பார்த்தார். "முடி… திரும்ப வளந்துரும் இல்லியா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை.

"வளரும்" என்றேன் நான் உள்ளேயிருந்து. "வளக்கணுமா வேண்டாமான்னு அவளுக்குத் தோணணும்."

எடுத்த உருளியை வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஐயா மட்டும் வாசலில் நின்று திரும்பி, "பிள்ளைக்குக் கால் சீக்கிரம் சரியாவட்டும்" என்றார். மைனி அவர்களோடு போகவில்லை. நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "ஒரு பொண்ண வச்சுக்கிட்டு இவ்வளவு திமிரா? இனி இந்தக் கடைப்படி ஏறினா என்னன்னு கேளு" என்றார்.

"திமிர்னே வச்சுக்கிடுங்க மைனி" என்றேன்.  

கால் குணமானது. அடுத்த பேட்சில் தன்னைவிட வயது குறைந்த பிள்ளைகளோடு சேர்ந்து முதலிலிருந்து ஓடினாள். பயிற்சி முடிகிற அணிவகுப்புக்கு எங்களை அழைத்திருந்தார்கள். ரயிலில் போனோம். ஒரே உடை, ஒரே தொப்பி, ஒரே நடை. பெற்ற எனக்கே அவள் எந்த வரிசை என்று தெரியவில்லை. "மூணாவது" என்கிறார் இவர், "இல்ல, அங்க பாருங்க" என்கிறேன் நான். நாங்கள் காட்டிய இரண்டு பேருமே வேறு யாரோ பெற்ற பிள்ளைகள். முடிந்ததும் பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டாள். பெற்றோர்களுக்கும் ஒரு பதக்கம் குத்திவிட்டார்கள். இவர் அதைச் சட்டையிலிருந்து எடுக்காமலேயே நாகர்கோவில் வரைக்கும் வந்தார். ரயிலில் தூங்கும்போதும் அது மேலே ஆடிக்கொண்டிருந்தது.

விடுமுறைக்கு வந்தவள் முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். மறுநாள், "அத்தைய பாத்துட்டு வாறேன்" என்று கிளம்பினாள். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அந்தக் குட்டை முடியோடு, அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

வந்ததும் கேட்டேன். "என்ன சொன்னா?"

"ஒண்ணும் பேசல. கதவத் திறந்தா. காப்பி தந்தா. முறுக்கு வச்சா. என் காலப் பாத்துக்கிட்டே இருந்தா."

"வேற?"

"கிளம்பும்போது ஏத்தங்கா வத்தல் ஒரு பொட்டலம் தந்துவிட்டா. ரயில்ல தின்னணுமாம்."

அவளுக்கு வாழைக்காய் வறுவல் தந்தார், சரி. எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. மைனியும் கடைக்கு வரவில்லை. இடையில் ஒரு கல்யாண வீட்டில் எதிரெதிரே பந்தியில் உட்கார்ந்தோம், பேசவில்லை. முதலில் அவர் பேசட்டும். என் மகள் செய்ததற்காக நான் யார் முன்னாலும் தலையைத் தாழ்த்திக்கொண்டு போக முடியாது.