அக்கா எனக்குத் தராத அடுப்பு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல அரியலூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் சொல்லாமல் விடக்கூடிய சிலவற்றை உடன்பிறந்தவள் நான் எழுதி வைக்கிறேன்.

கொள்ளிடக் கரையில், திருமழபாடியில் பிறந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. அப்பா குத்தகை நிலத்தில் நெல்லும் வாழையும் போட்டார். அம்மா வயலுக்குப் போனால் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தது அக்காதான். பக்கத்து வீட்டுக் குழந்தையை அவர் தூக்கினால் நான் மண்ணில் புரண்டு அழுவேனாம். எனக்கு அது நினைவில் இல்லை. ஆனால் நம்புகிறேன்.

அக்காவை அரியலூரில் கொடுத்தார்கள். மாமா அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர்கள் பாதிப் பேர் அங்கேதான் சாப்பிட்டார்கள். கடையின் பின்கட்டில் நான்கு பெரிய அடுப்புகள், உயரமான புகைபோக்கி, வற்றாத கிணறு, இரண்டு ஆட்டுக்கல். எழுபதுகளின் நடுவில் மாமா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. சமையல் பார்த்த சரக்கு மாஸ்டர் வேறு கடைக்குப் போய்விட்டார். அக்கா முன்பக்கத்தைப் பூட்டிவிட்டு, ஒரே ஓர் அடுப்பைப் பற்றவைத்து இட்லி அவித்து விற்றார். மற்ற மூன்றும் சும்மா கிடந்தன.

அந்த ஐப்பசி மழையில்தான் செல்லம்மாள் வந்தார். கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் வடை விற்றுக்கொண்டிருந்தவர். குடிசைக்குள் தண்ணீர் புகுந்து அடுப்பு கரைந்துவிட்டது. ஊற வைத்த பருப்போடு வாசலில் நின்றாராம்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாளு மட்டும் இங்க சுட்டுக்கிறேங்க. பருப்பு புளிச்சிடும்."

"நனையாம உள்ள வா. எண்ணெய் இருக்கா?"

அந்த ஒரு நாள் முடியவே இல்லை. அடுத்த தை மாதத்துக்குள் முறுக்கு போடும் ஒரு அம்மாவும் வந்து சேர்ந்தார். ஊர் அதை 'அக்கா அடுப்படி' என்று சொல்லத் தொடங்கியது. அக்கா வாடகை கேட்கவில்லை. அவரவர் விறகு அவரவர் கொண்டுவர வேண்டும். உடையார்பாளையம் பக்கத்திலிருந்து முந்திரி விறகு வண்டியில் வரும். போகும்போது அடுப்பை மெழுகி, தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போக வேண்டும். ஒருத்தி பக்குவத்தை இன்னொருத்தி எட்டிப் பார்க்கக் கூடாது. வேறு சட்டம் இல்லை.

என்னைப் பெரம்பலூரில் கொடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு விபத்தில் கால் போய் வீட்டோடு இருக்க நேர்ந்தது. இரண்டு பெண் பிள்ளைகள். அரியலூருக்கே குடிவந்து, அக்காவின் அடுப்படியில் சமைத்து, ஆபீஸ்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாம் என்று முடிவு செய்து பஸ் ஏறினேன். நான்காவது அடுப்பு காலியாக இருந்தது எனக்குத் தெரியும்.

"அந்த அடுப்ப நேத்துதான் பாத்திமா பீவிக்குச் சொன்னேன் சரோசா. சமோசா போடப் போவுது. வாக்குக் குடுத்துட்டேன்டி."

"நான் ஒன் தங்கச்சிக்கா."

"அதனாலதான்டி ஒன்னயப் பொறுத்துக்கச் சொல்றேன். அதுக்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே செல்லம்மாள் வந்து, அக்காவின் தோளில் கிடந்த துண்டை உரிமையோடு எடுத்துக் கை துடைத்துக்கொண்டு போனார். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கொட்டகை பிடித்து நானே மெஸ் தொடங்கினேன். கடை நிலைத்துவிட்டது. பெண்கள் படித்தார்கள். "அக்கா மறுத்ததுதான் உனக்கு நல்லதாப் போச்சு" என்று உறவில் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிழைக்கிற வழி எங்கேயும் கிடைத்திருக்கும். நான் கேட்டது அக்காவின் பக்கத்தில் ஓர் அடுப்பு. அதை வேறொருத்தி பற்றவைத்தாள். அரியலூர் போகும்போதெல்லாம் அந்தச் சமோசாவை எனக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். நன்றாகத்தான் இருக்கும். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவின் கொழுந்தனார் கட்டடம் முழுவதையும் கேட்டார். சிமெண்ட் மூட்டை அடுக்க குடோன் வேண்டுமாம். பெரியவர்கள் நான்கைந்து பேர் அடுப்படியின் முற்றத்தில் கூடினார்கள். எனக்கும் ஆள் வந்தது. போனேன். அந்தப் பெண்கள் அடுப்புகளை அணைத்துவிட்டுச் சுவர் ஓரமாக நின்றார்கள்.

கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார். "குடும்பத்துச் சொத்த ஊர்ப் பொம்பளைங்களுக்குத் தொறந்து விட்டுருக்காங்க. கூடப்பொறந்த ஒங்களுக்கே ஒரு அடுப்பு குடுக்கல. நீங்களே நியாயத்தச் சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்லம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. என் மனதில் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"குடுக்கலதான்," என்றேன். "அந்த வயித்தெரிச்சல் எனக்கு இன்னும் ஆறல. ஆனா அது எனக்கும் எங்க அக்காவுக்கும் உள்ளது. அக்கா யாருக்கு அடுப்பு குடுக்கணும்னு கேக்குறதுக்கு எனக்கு பாத்தியதை இருக்கு. ஒங்களுக்கு இல்லீங்க."

ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு முன்கட்டு கொழுந்தனாருக்கு, பின்கட்டு அக்காவின் காலம் வரை அக்காவுக்கு என்று முடிவானது. இலை போட்டார்கள். செல்லம்மாள் சாம்பார் வாளியோடு என்னிடம் வந்தார். "எனக்கு எங்க அக்கா பரிமாறட்டும்" என்றேன். அக்கா வந்து வாளியை வாங்கிக்கொண்டார். "இன்னும் சின்னப் புள்ளயாவே இருக்க" என்று சொல்லிக்கொண்டே சோற்றில் குழி பறித்து ஊற்றினார். அன்றைக்குச் சாப்பிட்டது போல் நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை.

போன ஆண்டு அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் விடாமல் அடித்தது. செய்தி கேட்டு நான் பையோடு போய் இறங்கினேன். கஞ்சி வைக்க ஒருவர், துணி துவைக்க ஒருவர், ஆஸ்பத்திரிக்கு ரிக்ஷா பேச ஒருவர் என்று அந்தப் பெண்கள் முறை போட்டு வைத்திருந்தார்கள். என் முறை எப்போது என்று கேட்டேன்.

"நீங்க பயணம் வந்திருக்கீங்க சின்னக்கா. செத்த ஒக்காருங்க" என்றார் செல்லம்மாள்.

அக்காவின் வீட்டில் நான் விருந்தாளி! சீப்பை எடுத்துக்கொண்டேன். தலை வாருவதும் பின்னுவதும் என் வேலை, வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். யாரும் தொடவில்லை.

காய்ச்சல் ஏறினால் அக்காவுக்கு ஆள் அடையாளம் தெரியாது. கஞ்சி கொண்டுவந்த செல்லம்மாளைப் பார்த்து, "சரோசா, அடுப்பத் தணிடி" என்றார். தண்ணீர் கொடுத்த பாத்திமா பீவியையும் சரோசா என்றார்.

"பத்து நாளா எங்க எல்லாரையும் ஒங்க பேரச் சொல்லித்தான் கூப்புடுறாங்க," என்றார் செல்லம்மாள். நான் மகிழ்வேன் என்று நினைத்திருப்பார். என் பேரையும் இவர்களுக்குக் கொடுத்துவிட்டாரே என்றுதான் எனக்கு இருந்தது. வெளியே போய் கிணற்றடியில் நின்று அழுதேன்.

அந்த வாரமே அக்கா போய்விட்டார். சரோசா என்று அவர் கடைசியாகக் கூப்பிட்டபோது அருகில் இருந்தது நானும் செல்லம்மாளும். இரண்டு பேரும் "என்னக்கா" என்றோம்.

சிகிச்சை பார்த்த டாக்டருக்கும், பந்தல் போட்டுத் தந்த அண்டை வீட்டாருக்கும், பெரம்பலூரிலிருந்து வேன் பிடித்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா காலத்துக்குப் பிறகும் பின்கட்டை அந்தப் பெண்களுக்கே வாடகைக்கு விட்ட அவருடைய கொழுந்தனாருக்கும் நன்றி. செல்லம்மாளுக்கும் பாத்திமா பீவிக்கும் முறுக்கு அம்மாவுக்கும் நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அது எனக்குச் சுலபமில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அக்காவை எடுத்த அன்று, வாய்க்கரிசி போட உறவுக்காரர்களை அழைத்தபோது அந்தப் பெண்கள் தெருவில் ஒதுங்கி நின்றார்கள். செல்லம்மாள் மட்டும் வாசல்படி வரை வந்து, "நாங்களும் போடலாங்களா சின்னக்கா?" என்று கேட்டார். உறவில் சிலர் முணுமுணுத்தார்கள்.

"மொதல்ல நான்," என்றேன். "அப்புறம் நீங்க. எல்லாரும் வாங்க."

நான் போட்டேன். பிறகு அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அடுப்படியில் ஒரு காலத்தில் சமைத்துவிட்டுப் போனவர்கள், நான் முகம்கூடப் பார்த்திராதவர்கள், தெருமுனை வரை நின்றிருந்தார்கள். கடைசிப் பெண் போட்டு முடிக்கும் வரை நான் அக்காவின் தலைமாட்டை யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

உடன்பிறந்த தங்கை,
சரோஜா, பெரம்பலூர்