மிதவைக்குள் பெட்ரோல்

யுத்த காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். காமயகவுண்டன்பட்டியில் தென்னந்தோப்பும் வயலுமாக இருந்த ஒரு முதலாளியிடம் நான் அப்போது டிரைவர். அவருடையது நாலு பேர் நெருக்கி உட்காரும் சின்னக் கார். ஒரு மாசி மாதம் அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. நிற்கும்போது குலுங்கும், கறுப்பாகப் புகை தள்ளும், குமுளி மேட்டில் இருமி இருமித்தான் ஏறும். பெட்ரோலையும் கண்டபடி குடித்தது. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். ஓட்டுவதுதான் உன் வேலை, வண்டியில் கை வைக்காதே என்றார்.

மாதம் முடியுமுன் கூப்பன் தீர்ந்துபோகவே, நான் பெட்ரோலைத் திருடி விற்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டார். ஒருநாள் காலையில் இரண்டு ஆட்களோடு என் வீட்டுக்கு வந்து, பானைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக் கவிழ்க்கச் சொன்னார். குடிதண்ணீர்ப் பானையையும் கவிழ்த்தார்கள். தெருவே நின்று பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் மனைவி ஈரத் தரையைத் துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தாள், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இவளும் சந்தேகப்படுகிறாளோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவரைச் சும்மா விடக்கூடாது என்று இருந்தது.

தேனிக்குக் குடிபெயர்ந்து, அந்தப் பக்கம் கார் பழுது பார்க்கும் ஒரே பட்டறையில் சேர்ந்தேன். அந்தக் கார் என்றைக்காவது அங்கே வந்துதான் தீரும் என்று காத்திருந்தேன். ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு சந்தை நாளில், அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். எனக்குப் பின் வந்த டிரைவரையும் திருடன் என்று விரட்டியிருந்தார். என்னைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார், வண்டி வாசலிலேயே அணைந்துவிட்டது.

பட்டறைக்காரர் என்னையே பார்க்கச் சொன்னார். எப்படியோ கிளப்பி, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். எதைக் கழற்றினாலும் எஞ்சின் ஒரே மாதிரிதான் தடுமாறியது. அப்படியானால் கோளாறு ஒரு சிலிண்டரில் இல்லை. பிளக்குகளைக் கழற்றினேன். நாலும் கரி பூசி ஈரமாக இருந்தன. தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது. கார்புரேட்டரைத் திறந்து, உள்ளே இருந்த பித்தளை மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டினேன். சளசளவென்றது. வெந்நீரில் முக்கினால், ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து குமிழி வந்தது. உள்ளே பெட்ரோல் புகுந்து மிதவை கனத்துவிட்டால், வருகிற பெட்ரோலை அதனால் அடைக்க முடியாது. வழிந்துகொண்டே இருக்கும்.

சந்தைக்கு வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். அவர்கள் முன்னால் மிதவையை அவர் காதோரம் பிடித்து ஆட்டினேன்.

“கேக்குதா ஐயா? நான் வித்த பெட்ரோல் இங்கனதான் இருக்கு.”

அவர் முகம் கறுத்தது. சரி, சீக்கிரம் ஓட்டைக்கு ஈயத்தை வை என்றார். என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் இதைச் சொன்னால்தான் வைப்பேன் என்றேன். பட்டறைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் அவர் என் பின்னால் இரண்டு தெரு நடந்து வந்தார்.

என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே, “உன் வீட்டுக்காரன் திருடலம்மா. வண்டியிலதான் கோளாறு” என்றார்.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. “எனக்கு அது அன்னைக்கே தெரியும். தெருவுல நின்னு பாத்தாகல்ல, அவுககிட்டப் போய்ச் சொல்லுங்க.”

அவர் திரும்பி நடந்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

பட்டறைக்குத் திரும்பி ஈயம் பற்றவைக்கும்போது ஒரு யோசனை வந்தது. இரண்டு பொட்டு அதிகம் வைத்தால் போதும், மிதவை கனத்து, கார் ஆயுசுக்கும் பெட்ரோல் குடிக்கும். வைத்தும்விட்டேன். அப்புறம்தான், அடுத்து வரப்போகும் டிரைவரின் வீட்டுக்கல்லவா ஆள் அனுப்புவார் என்று உறைத்தது. அதிகப்படி ஈயத்தை அரத்தால் ராவி எடுத்தேன். அவருக்காக அல்ல.

திரும்ப வேலைக்கு வரச் சொன்னார். மாட்டேன் என்றேன். ஊரில் எங்கள் பழைய தெருவில் அவர் எதுவும் சொல்லவில்லை என்று பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கார் பல வருஷம் பட்டறை வழியாக மதுரைக்குப் போய் வந்தது. நாலு சிலிண்டரும் பிசகில்லாமல் அடிக்கும். அது என் கைவேலை. கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும்.