மச்சாளின் தேன்பெட்டி

நாங்கள் குடியேறிய குளிர்நாட்டில், ஹவுகெட்டோ என்ற இடத்தில் எங்கள் வீட்டுப் பின்வளவில் இரண்டு தேன்பெட்டிகள் நின்றன. ஒன்று என்னுடையது. மற்றது என் கணவரின் தங்கையினது. அவள் நகரின் மறுபக்கம், ஹவுகன்ஸ்டுவாவில் ஆறாம் மாடியில் இருக்கிறாள். பெட்டி வைக்க இடமில்லை. ஒரே கோடையில், ஒரே ஆளிடம்தான் இருவரும் தேனீக்களை வாங்கினோம். இடம் என்னுடையது, பூக்கள் என்னுடையவை. ஆனாலும் அவளுடைய பெட்டிதான் தேனால் கனத்தது.

கோயிலில் பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது எல்லோரும் அவளுடைய தேனைப் பற்றியே கதைத்தார்கள். என் மகள்கூட, தேனுக்குப் பள்ளிக்கூடத்துச் சொல்லைப் போட்டு, "மாமின்ரை ஹொன்னிங்தான் பெஸ்ட்" என்றாள். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கோப்பைகளைச் சத்தமாகக் கழுவினேன்.

செப்டம்பரில் இருவருமாகத் தேனீக்களுக்குச் சீனிப்பாகு வைத்தோம். எலி புகாதபடி வாசல்களை ஒடுக்கினோம். நான் தோட்டத்தைக் காட்டுயிர்களுக்கென்றே விட்டுவைப்பவள். காய்ந்த தண்டுகளை வெட்டமாட்டேன், முள்ளெலி தூங்கும் இலைக் குவியலைக் கலைக்கமாட்டேன், குருவிகளுக்குக் கொழுப்புருண்டை கட்டுவேன். அதைக் கண்டு அவள் சொன்னாள்:

"மச்சாள், கொழுப்புக்கு மரங்கொத்தியும் வரும். பெட்டியைக் கொத்திப்போடும். மறக்காமல் ரெண்டுக்கும் வலை போட்டுவிடுங்கோ."

"ஓம் ஓம், போடுறன்."

என் தோட்டத்தைப் பற்றி எனக்கே சொல்லித் தருகிறாள் என்று எரிந்தது. என் பெட்டிக்கு அன்றே வலை போட்டேன். அவளுடையதை நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். பனி விழுந்துவிட்டது.

குளிர்காலத்தில் தேனீக்கள் தூங்குவதில்லை. உள்ளே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, நடுங்கி நடுங்கியே சூடு உண்டாக்கும். ஒரு ரப்பர் குழாயை வாசலில் நுழைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பேன். அவளுடைய பெட்டி நன்றாக இரைந்தது. என்னுடையதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டால்தான் ஏதோ கேட்டது.

பெப்ரவரியில் ஒரு காலை, குசினி யன்னலால் பார்க்கிறேன், அவளுடைய பெட்டியில் மரங்கொத்தி. மரத்தூள் பனியில் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினால் பறந்துவிடும். நான் தட்டவில்லை. தேத்தண்ணி ஆறும்வரை நின்று பார்த்தேன். அடுத்த நாளும் வந்தது. அன்றும் பார்த்தேன்.

அன்று பின்னேரம் அவள் தொலைபேசியில் கேட்டாள்: "என்ரை பிள்ளையள் எப்பிடி, மச்சாள்?"

"நல்லாய் இருக்கினம்."

சொன்ன பிறகு, போட்ட சோற்றைத் திரும்பச் சட்டிக்குள் கொட்டினேன். மறுநாள் விடிந்ததும் சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினேன். பெருவிரல் நுழையுமளவு ஓட்டை. கீழே பனியில் பிய்ந்த தேனீ இறகுகள். குழாயை வைத்தேன், இரைச்சல் இன்னும் இருந்தது. பலகைத் துண்டொன்றை இறுக்கி, வலையும் போட்டேன். விரல்கள் விறைத்துப்போயின.

ஏப்ரலில் வெயில் சூடாக விழுந்த முதல் நாள், அவளுடைய தேனீக்கள் கூட்டமாக வெளியே வந்தன. என் பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை. மூடியைத் திறந்தேன். கைப்பிடியளவு செத்த தேனீக்கள், தேனடையின் வெறும் அறைகளுக்குள் தலையை விட்டபடி. ஒரு சாண் தள்ளி வேறொரு தேனடைச் சட்டத்தில் தேன் நிறைய இருந்தது. குளிரில் அந்தச் சாண் தூரத்தை அவற்றால் கடக்க முடியவில்லை.

செய்தி கேட்டு அவள் வந்தாள். என் தோளில் கை வைத்து, "அழாதேங்கோ மச்சாள்" என்றாள். பிறகு தன் பெட்டியிலிருந்த பலகைத் துண்டைக் கண்டாள்.

"இதென்ன?"

"மரங்கொத்தி. உம்மடை பெட்டிக்கு நான் வலை போடேல்லை. அது கொத்தேக்கை ரெண்டு நாள் குசினியிலை நிண்டு பாத்தனான்."

"ஏன்?"

"எரிச்சல்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அடுத்த கிழமையே பெட்டியைச் சிநேகிதி ஒருத்தியின் வளவுக்குக் கொண்டுபோய்விட்டாள். ஏற்றிக்கொடுத்தவர் என் கணவர்தான். அதுவும் ஒரு தண்டனைதான்.

இரண்டு மாதம் எங்களுக்குள் கதை பேச்சு இல்லை. ஜூன் கடைசியில் அழைத்தாள்.

"கூடு நிறைஞ்சு போச்சு, ரெண்டாய்ப் பிரிச்சனான். ஒண்டு உங்களுக்கு. வந்து எடுங்கோ."

"மன்னிச்சிட்டீரோ?"

"இன்னும் இல்லை. அதுக்குப் பூச்சியள் என்ன செய்ததுகள்? வந்து எடுங்கோ."

போய் எடுத்தேன். காரின் பின்னிருக்கையில் பெட்டியை வைத்துப் பட்டி போட்டுக் கட்டினேன். வழியெல்லாம் அது இரைந்துகொண்டே வந்தது. கண் கலங்கியது. ஆனால் வீடு வருவதற்குள், நல்ல ராணித் தேனீயைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதைத்தான் எனக்குத் தந்திருப்பாளோ என்றும் யோசித்துவிட்டேன்.