பின்னால் நிற்கிறவள்

எனக்குச் சும்மா நிற்க வராது. பஸ்ஸுக்கு நின்றால்கூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவளைப் பிடித்துக் கராத்தேயில் குழுக் கத்தாவுக்குப் போட்டால் உருப்படுமா? எதிரி இல்லாமலே அடி, தடுப்பு, திரும்பல் என்று வரிசையாகச் செய்து காட்டுவதுதான் கத்தா. குழுவாகச் செய்யும்போது மூன்று பேரும் ஒரே உடம்பாகத் தெரிய வேண்டும். தனியாகச் செய்தால் நான் கெட்டிக்காரி. மூவரில் ஒருத்தி என்றால் வம்புதான்.

முன்னால் நிற்பவர் மாத்தளை டவுனில் புடவைக்கடை நடத்தும் முஸ்லிம் பெண். என்னைவிட மூத்தவர், அதனால் அவர்கள் வீட்டு வழக்கப்படி அக்காவை அழைக்கிற மாதிரி ராத்தா என்றே கூப்பிடுவோம். பின்னால் வலது பக்கம், எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்; மூவரில் இளையவள் என்பதால் எங்களுக்குத் தங்கச்சி. இடது பக்கம் நான். போட்டியில் யாரும் எண்ணிச் சொல்லமாட்டார்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியிலும் எண்ணிக்கை கிடையாது. ராத்தாவின் மூச்சைக் கேட்டுத்தான் நகர வேண்டும். அவர் மூச்சை இழுப்பதற்குள் என் கை போய்விடும்.

"என்னத்துக்கு புள்ள இப்படிப் பறக்குற?" என்பார். கடைசியில் ஒருநாள், "தம்புள்ளப் போட்டியிலயும் முந்தினா வேற ஆளப் போடுவேன், சத்தியமா" என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மெதுவாகப் போவதற்கு நான் தண்டனை வாங்குவதா? ஆனால் பயமாகவும் இருந்தது. வாரம் முழுக்க பார்மசியில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான். அந்த ஞாயிறும் இல்லையென்றால் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும்.

தம்புள்ளையில் நன்றாகத்தான் தொடங்கினோம். பாதியில், ஒரு திரும்பலுக்குப் பிறகு, ராத்தா நின்றுவிட்டார். கத்தாவில் அங்கே நிறுத்தமே கிடையாது. மூச்சுச் சத்தமும் வரவில்லை. அடுத்தது இடது காலை வைத்துக் குத்து. என் காலுக்கு அது தெரியும். போ, போ என்று உடம்பெல்லாம் அரித்தது. நான் போனால் முன்னால் நிற்கிறவர் மறந்துவிட்டார் என்று மண்டபத்துக்கே தெரிந்துவிடும். கால்விரலை விரிப்பில் ஊன்றிக்கொண்டேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பக்கத்தில் தங்கச்சியும் அசையவில்லை. கடவுளே, எவ்வளவு நேரம்!

பிறகு முன்னாலிருந்து ஒரு மூச்சு. மூன்று கையும் ஒரே சத்தமாகப் போயின.

இரண்டாமிடம் கிடைத்தது. நடுவர் ஒருவர் வந்து, அந்த நிறுத்தம் அழகாக இருந்தது, விட்டுவிடாதீர்கள் என்று சிங்களத்தில் சொன்னார். ராத்தா தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வரும்போது பலாபத்வல ஊரைத் தாண்டியதும் ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறந்து போச்சு புள்ள. ஒன்னுமே வரல்ல. நீ முந்திப் போகப்போற, என் மானம் போகப்போகுதுன்னு கண்ண மூடிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்போ ஞாயித்துக்கிழமை நான் வரலாமா ராத்தா?"

"வராம? அந்த இடத்துல எப்படி நிக்கிறதுன்னு நீதான் எனக்குக் காட்டித் தரணும்."