செய்யக் கூடாதவற்றில் என் பெயர்

இன்று காலை எங்கள் செராமிக் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி, பொம்மைக்குப் பளபளப்புக்காகப் போடும் கிளேஸ் பூச்சில் ஊசித்துளை விழுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் ஊரே பதில் சொல்லிவிட்டது. ஒருவர்கூடச் செய்து பார்த்தவராகத் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாயிரங்களில் நாங்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தோம். விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்திய செல்வராஜ் அண்ணன்தான் அதற்கு நாட்டாமை. சூடான கம்ப்யூட்டர் வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு அந்த சென்டர்தான் ஞாபகம் வரும். அடிக்கடி வரும் கேள்விகளுக்கென்று குழுவில் நிரந்தரமாக ஒரு பக்கம் உண்டு. அதில் ஒரு பதில் ஏற வேண்டுமென்றால், வேறொருவர் அதைத் தன் சூளையில் சுட்டுப் பார்த்து, சரியாக வந்தது என்று எழுத வேண்டும். பதில் சொன்னவர் பெயர் அடியில் வரும். அந்தப் பெயருக்குத்தான் நான் ஆலாய்ப் பறந்தேன். "அங்க போயி அப்படி என்னாதான் தட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்கிற மனைவியிடம் காட்ட வேண்டாமா?

ஊசித்துளையைப் பற்றி நீளமாக எழுதினேன். சாரம் இதுதான்: பொம்மையைக் கிளேஸில் இரண்டு முறை முக்குங்கள், துளை மூடிக்கொள்ளும். நான் செராமிக் கம்பெனியில் வெறும் பில் போடுகிறவன் என்பதை மட்டும் எழுதவில்லை.

கருவேப்பிலங்குறிச்சியில் சின்னதாகச் சூளை வைத்திருந்த பிலோமினா அக்கா, அதை நம்பி கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளை முக்கிச் சுட்டுவிட்டார். பிறகு கூடையோடு சென்டருக்கே வந்தார். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"ஓட்டையெல்லாம் மூடிக்கிச்சுங்கண்ணே. கண்ணும் மூக்கும் சேந்து மூடிக்கிச்சு. எது ராசா, எது ஆடுன்னு நீங்களே சொல்லுங்க."

அண்ணன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆடுதாம்மா" என்றார்.

அது ராஜா.

என் பதில் அத்தோடு ஒழிந்தது என்று நினைத்தேன். அண்ணன் விடவில்லை. "அக்கா செஞ்சு பாத்தது வீணாவக் கூடாதுப்பா" என்று, அதே பக்கத்தில் 'செய்யக் கூடாதவை' என்று புதுப் பகுதி திறந்து என் பதிலை முதலாவதாக ஏற்றினார். அடியில் என் பெயர், இனிஷியலோடு. மனைவியை அழைத்துப்போய்ப் பெயரை மட்டும் காட்டினேன். அவள் மேலேயும் படித்துவிட்டாள். வீடு வந்து சேரும்வரை சிரிப்பு.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. குழு நடந்த தளத்தையே மூடிவிட்டார்கள், பக்கமும் போயிற்று.

காலையில் வந்த பதில்களில் ஒருவர், இரண்டு முறை முக்கச் சொல்லியிருந்தார். 'அய்யோ வேணாம் தம்பி' என்று பதறித் தட்டினேன்.

'நீங்க செஞ்சு பாத்தீங்களா சார்?' என்று அந்தத் தம்பி கேட்டார்.

எத்தனை வருடம் கழித்து ஒருவர் இதைக் கேட்கிறார்! பெருமையோடு என் பெயரைக் காட்டியிருப்பேன். காட்டத்தான் பக்கம் இல்லை.