ஆஃப் அக்கா

அளவு எடுக்க வந்தவள், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற வீட்டுக்காரப் பெண்ணை அப்படியே விட்டுவிட்டுக் குளியலறைப் பக்கம் போகிறாள். வாசலை ஒட்டிச் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும் வாட்டர் ஹீட்டர் சுவிட்சைப் படக்கென்று தட்டி அணைக்கிறாள்.

"யாரு குளிக்கப் போறாங்க?"

"யாரும் இல்லக்கா. காலையிலேயே குளிச்சாச்சு."

"அப்புறம் யாருக்கு வெந்நீர் காயுது? குழாய்க்கா?"

திரும்பி வந்து டேப்பை உதறி, "கையைத் தூக்கு" என்கிறாள். கை ஏற்கெனவே தூக்கித்தான் இருக்கிறது. பயத்தில் இன்னும் கொஞ்சம் உயர்கிறது.

அந்த நான்கு மாடிக் குடியிருப்பில் அவளுக்கு ஆஃப் அக்கா என்று பெயர். வைத்தது பிள்ளைகள். "ஆஃப் அக்கா வர்றாங்க!" என்று படிக்கட்டில் குரல் கேட்டால் போதும், ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் எழுந்து ஓடி ஆளில்லாத அறையின் மின்விசிறியை நிறுத்துவார். கீழ் வீட்டு முன்னறைதான் அவளுடைய தையல் கடை. ஒல்லியான உடம்பு, காது பக்கம் நூல் சுற்றிய கண்ணாடி, வாய் நிறையக் குண்டூசி. ஊசியைக் கவ்விக்கொண்டே திட்டுவாள். திட்டில் ஓர் எழுத்து தேயாது, வாயிலிருந்து ஓர் ஊசி விழாது. கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். அவளுக்கு அது விரல் நுனியில்.

யார் வீட்டுக்குப் போனாலும் குளிர்பெட்டியின் பின்னால் கையை விட்டுப் பார்ப்பாள். "சுவத்தோட ஒட்டி வெச்சா அது எப்படி மூச்சு விடும்?" என்று தானே இழுத்து நகர்த்துவாள். குண்டு பல்பைப் பார்த்தால் வேண்டாத சம்பந்தியைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பட்டப்பகலில் திரையை மூடி விளக்குப் போட்டிருப்பவர்களை அவள் கேட்கிற கேள்வியில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஆனாலும் ஒருவரும் வேறு தையற்காரரிடம் போவதில்லை. அவள் தைத்தால் தோளில் ஒரு சுருக்கம் விழாது. அவளுடைய வீட்டுக்காரர் பஸ் டிரைவர், சாது. விளக்கை அணைக்காமல் வேலைக்கு வந்துவிட்டோம் என்று பாதி வழியில் ஞாபகம் வந்தால், இன்றைக்கு டிப்போவிலேயே படுத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பாராம்.

எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பேசுகிறவர்கள் அவளுடைய உள்ளறையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

உள்ளறைக் கட்டிலில் அவளுடைய தம்பி. நாற்பதைத் தாண்டியவன். கார்ப் பட்டறையில் பெயிண்ட் அடித்தவன். முகமூடி கேட்டபோது, "கர்ச்சீப்பக் கட்டிக்கோ, போதும்" என்றாராம் முதலாளி. கட்டிக்கொண்டான். இன்றைக்கு நுரையீரலில் பாதிக்கு மேல் இல்லை. கல்யாணம், காட்சி எதுவும் அமையவில்லை. அக்கா வீடுதான் அவனுக்கு வீடு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் உர்ரென்று உறுமிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அவன் மூக்குக்குப் போகும். "என் நெஞ்சைத் திறந்து பாத்தா, எந்த வருஷத்து வண்டிக்கு என்ன கலர் அடிச்சேன்னு சொல்லிடலாம்" என்பான். அவன் சொல்லிச் சிரிப்பான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது. அக்காவுக்கோ பற்றிக்கொண்டு வரும். "வாயை மூடிட்டு மூச்சை விடு" என்பாள்.

அந்தப் பகுதியில் மின்சாரம் இஷ்டத்துக்கு வரும், இஷ்டத்துக்குப் போகும். போனால் மெஷின் கீச்சென்று கத்தும். ஓடிவந்து குழாயைச் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். சிலிண்டரோ ஆஸ்பத்திரிக்குப் போகிற வழிக்கென்று வைத்திருப்பது. தாக்குப் பிடிப்பது கொஞ்ச நேரம்தான். ஒரு மழை நாளில் சிலிண்டரும் தீர்ந்து, ஆட்டோவும் கிடைக்காமல், தம்பியின் உதடு நீலம் பாரித்துப்போனது. தெருவில் போன மீன் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போனதால் பிழைத்தான். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் முடிவு செய்தாள்: இனி இவன் மூச்சை அந்தக் கரெண்ட் கம்பத்தை நம்பி விடுவதில்லை.

மொட்டை மாடியில் எல்லோருமாகச் சேர்ந்து சோலார் பேனல் போட வேண்டும், மாடிப்படிக்கு அடியில் பேட்டரி வைக்க வேண்டும் என்று வீடு வீடாக ஏறினாள். ஆளாளுக்கு ஒரு சாக்கு. "ஆணி அடிச்சா மாடி ஒழுகும்." "காத்துல பறந்துடும்." "துணி எங்கக்கா காயப் போடறது?" பேனல் கால்களுக்கு நடுவில் கொடி கட்டித் தருகிறேன் என்றாள், பின்னால் சொன்னபடியே கட்டியும் கொடுத்தாள். குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி நான்காம் மாடிக்காரர், பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். சோபாவில் சாய்ந்துகொண்டு, "வெயிலை நம்பி இவ்வளவு பெரிய காரியத்துல இறங்கறதா?" என்று கேட்டார்.

"வெயில் ஒரு நாளும் ஸ்ட்ரைக் பண்ணினதில்ல சார். கரெண்ட் ஆபீஸைக் கேட்டுப் பாருங்க."

இரண்டு வருஷம் படி ஏறி இறங்கி, ஒருவழியாக எல்லோரையும் சம்மதிக்க வைத்து, பேட்டரியையும் தானே பார்த்து வாங்கினாள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலையில் எங்கே விழுகிறது, மாலையில் எங்கே விழுகிறது என்று பார்த்து, தையல் சாக்பீசால் மாடி முழுக்கக் கோடு போட்டு வைத்தாள். பேனல் மாட்ட வந்தவர்கள் அந்தக் கோட்டை மிதித்துக்கொண்டே தங்கள் இஷ்டத்துக்கு அளந்தார்கள். ஒரு நாள் முழுக்கச் சண்டை. கடைசியில் பாதி அவர்கள் சொன்னபடி, பாதி இவள் சொன்னபடி.

கரெண்ட் போனால் வீட்டுக்கு ஒரு ஃபேன், இரண்டு லைட், மற்றதெல்லாம் ஆஃப், கீழ் வீட்டு மெஷின் மட்டும் ஓட வேண்டும். இதுதான் பேச்சு. கனத்த சாமான்கள் பேட்டரியில் ஓடாதபடி தனியாக ஒயர் இழுத்துவிடலாம் என்று மாட்ட வந்தவர்கள் சொன்னார்கள். செக்ரட்டரி கையை உயர்த்தினார். "எதுக்கு? நாம ஒருத்தரை ஒருத்தர் நம்ப மாட்டோமா? இந்தக் கட்டடமே ஒரு குடும்பம் மாதிரி." கூட்டம் கைதட்டியது. ஆஃப் அக்காவுக்கே கண் கலங்கிவிட்டது. அவளும் தட்டினாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

அவள் செய்த இன்னொரு தப்பு, சுலபமாகச் சொல்லிக்கொடுத்தது. பேட்டரிப் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. சார்ஜ் இருந்தால் பச்சை, தீரப்போனால் சிவப்பு. "பச்சை எரிஞ்சா பயமில்ல" என்று வீட்டுக்கு வீடு பாடம் எடுத்தாள். அவள் சொன்னது நல்ல வெயில் நேரத்துக்கு. உச்சி வெயிலில் துவைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள், மின்சாரம் வீணாகப் போகாது என்பதற்கு. அவர்கள் பிடித்துக்கொண்டது முன்பாதியை மட்டும். கரெண்ட் போனதும் ஆளாளுக்குப் படிக்கட்டில் எட்டிப் பார்ப்பார்கள். பச்சை எரிகிறதா? அப்படியானால் பயமில்லை! எல்லோரும் ஒரே சமயத்தில் பயமில்லாமல் போட்டால் பச்சை எவ்வளவு நேரம் பச்சையாக இருக்கும் என்று ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஆயிற்று. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தானே பேனல் போட்டார்கள்? போட்ட பிறகு இரண்டாம் மாடிக்கு இன்னொரு குளிர்பெட்டி வந்தது. மூன்றாம் மாடிக்காரி நாய்க்குட்டிக்குத் தனியாக ஃபேன் வைத்தாள். நான்காம் மாடிக்குப் புது ஏசி. கேட்டால், "சும்மாதானேக்கா வருது." இந்தச் சும்மா என்கிற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பல் நறநறவென்றது. அவளுக்கு வந்தது நியாயமான கோபம். நாமாக இருந்தால் பெட்டியை உடைத்திருப்போம்.

போன மாதம் ஒரு நாள். காலையிலிருந்து வானம் மூடிக்கிடந்தது. இலை அசையவில்லை, அப்படி ஒரு புழுக்கம். எங்கோ மின்மாற்றி வெடித்து மின்சாரம் போய்விட்டது. மேகத்தில் பேனல் பேருக்குத்தான் வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியும். கடைத் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் படிக்கட்டுக்கு அடியில் பீப், பீப் என்று சத்தம். எட்டிப் பார்த்தாள். சிவப்பு.

மேலே போயிருக்கும்போது மெஷின் நின்றால் மாற்ற ஆளில்லை என்று தம்பியின் குழாயை முன்கூட்டியே சிலிண்டருக்கு மாற்றினாள். சிலிண்டரில் இருந்தது பாதி. ஆட்டோவுக்குப் போன் போட்டாள். முந்தின ராத்திரி மழையில் தெருமுனையில் மரம் விழுந்து கிடக்கிறது, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும் என்றார்கள். போனை வைத்துவிட்டு மேலே ஓடினாள்.

முதல் மாடியில் இஸ்திரிப் பெட்டி. "ஒரே ஒரு சட்டைக்கா. அவருக்கு மீட்டிங்." பிடுங்கிப் போட்டாள். இரண்டாம் மாடியில் வாட்டர் ஹீட்டர். "ஒரே ஒரு பக்கெட்டுக்கா, சளி பிடிச்சிருக்கு." அணைத்தாள். மூன்றாம் மாடியில் வாஷிங்மெஷின் கடகடவென்று உதறிக்கொண்டிருந்தது. "ஒரே ஒரு தடவைதான்க்கா. மழையில எதுவும் காயல." நிறுத்தினாள். அன்றைக்கு அவள் ஒருவரையும் திட்டவில்லை என்பதைப் பிற்பாடுதான் அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நான்காம் மாடிக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஜில்லென்று காற்று. ஜன்னலும் பாதி திறந்திருந்தது. மூடி வைத்தால் செக்ரட்டரிக்கு மூச்சு முட்டுமாம். அவர் பனியனோடு சோபாவில் சாய்ந்து, வயிற்றின் மேல் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார்.

"சார், ஏசியை நிறுத்துங்க. தம்பிக்கு மெஷின் நிக்கப் போகுது."

"பதறாதீங்கம்மா. நான் இப்பத்தான் பச்சையப் பாத்துட்டு வந்தேன்."

"அது அப்ப. இப்ப சிவப்பு."

"ஒரே ஒரு ஏசிக்கு என்ன ஆயிடும்? வெயில் எல்லாருக்கும் பொதுதானே? உங்க அப்பா வீட்டுச் சொத்து மாதிரி பேசறீங்களே."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. ஏசி ஒரு தடவை முனகி நின்றது. மேலே ஓடிய ஃபேன் தயங்கித் தயங்கிச் சுற்றி ஓய்ந்தது. கட்டடம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. செக்ரட்டரி எழுந்து உட்கார்ந்து, சுவிட்சை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்துச் சொன்னார்:

"என்னம்மா இது, ஒரு ஏசியத் தாங்கல. என்ன பேட்டரி பாத்து வாங்கிக் குடுத்தீங்க நீங்க?"

அவளுக்கு அந்த நேரத்தில் வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அவள் கத்தவில்லை. போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். துணியை வெட்டி வெட்டி உரமேறிய கை. செக்ரட்டரியின் கை அதற்கு ஈடில்லை. "என்னம்மா, என்ன பண்றீங்க, விடுங்க" என்று அவர் சொல்லச் சொல்ல, படிப்படியாக இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் குறுக்கே வரவில்லை. செக்ரட்டரிக்குப் பனியனோடு போகிற வெட்கம் வேறு.

உள்ளறையில் காற்றே இல்லை. தம்பி தலையணையில் சாய்ந்து, கழுத்து நரம்பு புடைக்க மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். நெற்றி வேர்த்து, சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சிலிண்டரின் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. செக்ரட்டரியைப் பார்த்ததும் அவன் சிரிக்கப் பார்த்தான்.

"வாங்க சார்... உக்காருங்க... ரொம்பப் புழுக்கமா... இருக்குல்ல?"

அவர் உட்காரவில்லை. குழாயைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் அவர் வந்ததே இல்லை. "எனக்கு இவ்வளவு தெரியாதும்மா" என்றார்.

"சொன்னேனே சார். உங்க சோபாவுக்கு எதிர்ல நின்னு, எத்தனை தடவை சொன்னேன்."

முன்னறைக்குப் போய், சட்டைக் கை வெட்டுவதற்கு வைத்திருக்கிற அளவு அட்டையை எடுத்துவந்து அவர் கையில் திணித்தாள்.

"வீசுங்க."

"நானா?"

"இங்க வேற யாரு இருக்கா? கரெண்ட்தான் இல்ல. உங்க கை இருக்குல்ல? வீசுங்க."

அவர் வீசினார். முதலில் சங்கோஜமாக, பிறகு தம்பியின் மூச்சுக்கு ஈடுகொடுக்கப் பார்த்து வேகமாக. வழுக்கையில் வேர்வை துளிர்த்து மூக்கு வழியாக இறங்கியது. கை மாற்றிக்கொண்டார். "போதும்க்கா, பாவம், வயசானவரு" என்றான் தம்பி. "நீ பேசாத. மூச்சை இழு" என்றாள் அவள், சிலிண்டர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல். வாசலில் முதல் மாடிக்காரியும் மூன்றாம் மாடிக்காரியும் வந்து நின்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டோ வருவதற்கு முன்னால் மின்சாரம் வந்துவிட்டது. மெஷின் ஒரு கீச்சுச் சத்தம் போட்டு உறும ஆரம்பித்தது. குழாயை அதற்கு மாற்றினாள். தம்பியின் மூச்சிரைப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. மேலே ஃபேனும் சுற்றத் தொடங்கியது. வாசலில் நின்றவர்கள், "அப்பாடா" என்றார்கள். செக்ரட்டரியும் பெருமூச்சு விட்டு, அட்டையைக் கட்டிலில் வைக்கக் குனிந்தார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அட்டையோடு சேர்த்து அந்தக் கையைத் தம்பியின் முகத்துக்கு நேராகத் தூக்கி, மறுபடியும் ஆட்டிவிட்டாள்.