அரைக்கால் எவ்வளவு?

இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நின்றபோது நான் கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். போர்டுக்கு முன்னால் சாக்பீஸோடு நின்றவன் வேலப்பன். ஐந்தாம் வகுப்பு முழுக்க ஒரே சண்டை.

பாறசாலைக்குப் பக்கத்து ஊரில், மகாராஜாவின் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்போது தற்காலிக வாத்தியார் வேலை. இன்ஸ்பெக்டர் நல்ல ரிப்போர்ட் எழுதினால்தான் நிரந்தரம். கிளாஸில் ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று ஹெட்மாஸ்டர் காலையிலேயே எச்சரித்திருந்தார். எனக்கோ நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் கணக்கை எழுதிப்போட்டுவிட்டு, விளக்குகிற வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவேன்.

அன்றைய கணக்கு எங்கள் ஊர் நெல் அளவைகளில்: ஒரு பறை நெல்லுக்குப் பத்து இடங்கழி. அதில் அரைக்கால் பாகம் எத்தனை இடங்கழி?

வேலப்பன் ஏழரை என்று எழுதியிருந்தான். "ஏழரைன்னா ஏழும் அரையும். அப்ப அரைக்கால்னா அரையும் காலும் ஆக்கும்" என்றான்.

"எலே, முக்கால்னா மூணும் காலுமா?" என்று கேட்டாள் செல்லம்மை. வகுப்பு சிரித்தது. காலில் பாதி என்று போட்டு அவள் கண்ட விடை ஒண்ணேகால்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். நான் எழுந்தேன்; வாயில் வார்த்தை வரவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அவன் பறஞ்சது ஞாயந்தானே? ஒண்ணரை, ரெண்டரை எல்லாம் கூட்டல் ஆக்கும்" என்று வேலப்பன் பக்கம் சேர்ந்துகொண்டார்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். ஆனால் செல்லம்மை விரலை மடக்கி மடக்கி யோசிப்பதைப் பார்த்ததும் அந்தப் பயமும் மறந்துபோனது.

"சாரே, அரையும் காலும் கூட்டினா முக்கால். அதுக்கு ஒரு பேரு உண்டு. பின்ன இன்னொரு பேரு எதுக்கு?"

வேலப்பன் ஏழரையைக் கையாலேயே அழித்தான். "இத முன்னயே சொல்லப்பிடாதா மக்கா?" என்றான். இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ரிப்போர்ட்டில் அவர் எழுதியது இரண்டே வரி: "வகுப்பில் சத்தம் உண்டு. சத்தம் கணக்கைப் பற்றியது." ஹெட்மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார். அடுத்த மாதம் நிரந்தர உத்தரவு வந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அன்றைக்கு எனக்குப் பேச வந்திருந்தால், அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு என்று சொல்லி உட்கார வைத்திருப்பேன். விடை எனக்குத் தெரியும். செல்லம்மை சொன்ன காரணம் எனக்குத் தெரியாது.